நாலு சொட்டு, ஒரு வரி

பிப்ரவரி 4

தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஸ்கேலைக் குறுக்கே வைத்து, அதைத் தடவிக்கொண்டே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் ஓடுகிறது. போனில் என் நம்பரைப் பார்த்தாலே நீ எடுப்பதில்லை. அதனால் இந்த வழி.

அப்பா போய் பதினைந்து மாதம் ஆகிறது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு அவருடைய வேதப்புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு நீ கிளம்பிவிட்டாய். அன்றைக்கு நான் தடுக்கவில்லை. இன்றைக்கும் அதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எனக்கு அது தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

டிசம்பரில் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். எல்லோருக்கும் மூன்றாம் நாள் சரியாகிவிடுமாம். எனக்கு உள்ளே வீக்கம் வந்துவிட்டது. இடது கண் எப்போதுமே மங்கல், உனக்குத் தெரியும். நாளுக்கு நாலு வேளை சொட்டு மருந்து. "பொடி எழுத்துப் பக்கமே போகக் கூடாது, பெரிய எழுத்தென்றாலும் நாலைந்து வரிதான்" என்கிறார் டாக்டரம்மா. என் புத்தகம் எறும்பு ஊர்வது மாதிரி பொடி எழுத்து. அப்பாவுடையது பெரிய எழுத்து.

நீல நோட்டு ஞாபகம் இருக்கும். தேதி, புத்தகம், அதிகாரம், எடுத்த நேரம் என்று நாலு பத்தி போட்டு எழுதிக்கொண்டு வந்தேனே, அதுதான். வேதத்தைப் பதினொரு முறை முழுசாக முடித்தது அதில் இருக்கிறது. பன்னிரண்டாவது பாதியில் நிற்கிறது. எங்கே நிற்கிறது என்று உனக்கும் தெரியும்.

புத்தகத்தை அனுப்புவாயா? பதில் எழுதினால் பெரிய எழுத்தில் எழுது. உன் மாமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல எனக்கு மனசில்லை.

அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

பெரிய எழுத்துலதான் எழுதுறேன். புத்தகம் தர மாட்டேன்.

எதுக்குக் கேட்கிறே? பன்னிரண்டாவது தடவையை முடிக்கத்தானே. முடிச்சு நோட்டுல கோடு போடத்தானே. அந்த நோட்டு இன்னும் வீட்டுல இருக்கா? அடுப்புல போட்டிருப்பேன்னு நினைச்சேன்.

எங்கே நிக்குதுன்னு எனக்குத் தெரியும்னு எழுதியிருக்கே. ஆமா, தெரியும். நாளாகமம், ஏழாம் அதிகாரம். யார் யாரைப் பெத்தாங்கன்னு பேர் பேரா வர்ற இடம். சாகக் கிடக்கிற மனுஷன் காதுல யாராவது அதைப் படிப்பாங்களா? நீ படிச்சே. சாயங்காலம் அஞ்சு மணி. நான் கட்டில் தலைமாட்டுல. அப்பா போர்வைக்கு மேல ரெண்டு விரலைத் தூக்கினார். "அக்கா நிறுத்து, அப்பா ஏதோ கேட்கிறார்"னு சொன்னேன். நீ புத்தகத்தை விட்டுத் தலையைக்கூட நிமிர்த்தல. விரலை வரி மேலயே வெச்சுக்கிட்டு, இன்னொரு கையை என் முகத்துக்கு நேரா 'இரு'ன்னு காட்டினே. பஸ்ஸை நிறுத்துற மாதிரி. படிச்சு முடிச்சு நீ நிமிர்ந்தப்போ அவர் கண்ணை மூடியிருந்தார். அப்புறம் திறக்கவே இல்ல.

அவர் என்ன கேட்க வந்தார்னு இனி யாருக்கும் தெரியப் போறதில்ல. அதுக்கு நீதான் காரணம். அடக்கத்தன்னைக்குப் போதகர் முன்னாடி கத்தினேன், இன்னைக்குப் பெரிய எழுத்துல எழுதுறேன்.

கண்ணைப் பார்த்துக்கோ. சொட்டு விட்டதும் மூக்குப் பக்கம் ஓரத்தை விரலால அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடி, மருந்து தொண்டைக்கு இறங்காது. இது கண்ணாடிக் கடைக்காரியா சொல்றேன், தங்கச்சியா இல்ல.


பிப்ரவரி 26

தங்கைக்கு,

நீ எழுதியதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. பதினொரு வசனம் பாக்கி இருந்தது. நாற்பதில் இருபத்தொன்பதாவதில் இருந்தேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. அப்பா படுத்த அன்றைக்கே நான் ஆண்டவரிடம் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தேன். முழு வேதத்தையும் அவர் கட்டிலருகே சத்தமாகப் படித்து முடிக்கிறேன், முடிக்கும் நாளில் அவர் எழுந்து உட்காரவேண்டும் என்று. ஆயிரத்து நூற்று எண்பத்தொன்பது அதிகாரம். அன்றைக்குச் சாயங்காலம் எண்ணூற்று நாற்பத்து நான்கு பாக்கி. அப்பாவுக்கு அவ்வளவு நாள் இல்லை என்பது உனக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அவ்வளவு வேகமாகப் படித்தேன். அதனால்தான் கையைக் காட்டினேன். ஒரு அதிகாரம் குறைந்தால் அவர் உயிரில் ஒரு நாள் குறையும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

அப்பா என்னைக் கணக்குப்பிள்ளை என்று கூப்பிட்டது சும்மா இல்லை.

புத்தகத்தை அனுப்ப வேண்டாம். நீ மறுத்ததும் நல்லதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காதே.

உன் மாமாதான் இதைத் தொடங்கிவைத்தார். டிப்போவில் பஸ் போர்டு எழுதும் சிவப்பு மார்க்கரைக் கொண்டுவந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் தினம் ஒரு வரி எழுதி, சமையலறை ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போகிறார். ஒரு எழுத்து ஒரு கட்டைவிரல் பெரிசு. டிப்போவில் டைம்கீப்பர் வேலை பார்க்கிறவர் இல்லையா, காலை ஐந்து நாற்பதுக்கு வரி சுவரில் இருக்கும், ஒரு நிமிஷம் முன்னே பின்னே போகாது. ஆனால் எந்த வரி என்பது அவர் இஷ்டம். புத்தகத்தைத் திறந்து கண்ணில் பட்டதை எழுதுவார். ஒரு நாள், சாப்பிடக் கூடாத பறவைகளின் பட்டியலில் வௌவாலை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். நாள் முழுக்க வௌவாலோடு இருந்தேன். "ஏங்க, இதில் நான் என்னத்தை ஜெபிப்பது?" என்று கேட்டால், "இருட்டுல முட்டிக்காம போகுதேன்னு ஜெபி" என்கிறார்.

தினம் பத்து அதிகாரம் ஓட்டியவளுக்கு ஒரே ஒரு வரி. முதல் வாரம் பட்டினி கிடந்த மாதிரி இருந்தது. ஏழு மணிக்கு முதல் சொட்டு. கண்ணை மூடி, நீ சொன்ன மாதிரியே ஓரத்தை அழுத்திக்கொண்டு உட்காரவேண்டும். வேறு என்ன செய்வது, அந்த வரியை வாய்க்குள் சொல்லிப்பார்ப்பேன். பன்னிரண்டு மணிச் சொட்டுக்கு வரியில் ஏதோ ஒரு வார்த்தை மட்டும் முள் மாதிரி நிற்கும். மற்றதெல்லாம் போய்விடும். நாலு மணிக்கு அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஆண்டவரிடமே ஏதாவது கேட்பேன், சில நாள் சண்டையும் போடுவேன். எட்டு மணிச் சொட்டுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. சும்மா உட்கார்ந்திருப்பேன். அவரும் சும்மா இருப்பார். பதினொரு முறை முழுப் புத்தகத்தையும் முடித்தபோது ஒரு தடவைகூட இப்படி இருந்ததில்லை.

மூன்று வாரம் முன்னால் ஒரு நாள், உன் மாமா கை வலிக்கிறது என்று இருப்பதிலேயே குட்டி வசனத்தை எழுதி ஒட்டினார். செத்துப்போன சிநேகிதனுக்காக ஆண்டவர் அழுதார் என்று வருமே, அது. ஒன்பது நாள் அதை மாற்றவே நான் விடவில்லை. அந்த வீட்டிலும் இரண்டு சகோதரிகள். மூத்தவள் வந்து, நீர் இருந்திருந்தால் எங்கள் தம்பி செத்திருக்கமாட்டான் என்கிறாள். இளையவளும் வந்து அதையேதான் சொல்கிறாள், வார்த்தை மாறாமல். ஒருத்திமேல் ஒருத்தி பழி போடவில்லை. இரண்டு பேரும் போய் அவரிடம் போட்டார்கள். அவர் அழுதார்.

எந்த வரியானாலும் நாலு மணிச் சொட்டில் அப்பாவின் கட்டில் வந்துவிடுகிறது. அந்த இரண்டு விரல். என்னப்பா கேட்டீர்கள், என்னப்பா கேட்டீர்கள் என்று அதையே கேட்கிறேன். எனக்கு வேறு ஜெபம் இல்லை இப்போது. அந்த ஒன்று தெரிந்தால் போதும்.

நீல நோட்டை நான் அடுப்பில் போடவில்லை. நாளாகமத்துக்குப் பிறகு அதில் எதுவும் எழுதவும் இல்லை.

அக்கா


மார்ச் 12

அக்கா,

வௌவாலைப் படிச்சுட்டுக் கடையில சத்தமா சிரிச்சுட்டேன். முதலாளி எட்டிப் பார்த்தார். மாமாகிட்ட சொல்லு, அவர் கண்ணுக்கும் ஒரு கண்ணாடி இலவசம்னு.

நீ இந்த மாதிரி எழுதுவேன்னு நினைக்கல. சண்டைக்குத் தயாரா இருந்தேன். சண்டைக்கு வந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

வீக்கம் வடிஞ்சதும் பவர் சீட்டு எழுதித் தருவாங்க. வேற எந்தக் கடைக்கும் போகாதே, எனக்கு அனுப்பு. கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், லென்ஸ் ஒரு பக்கம். உன் ரெண்டு கண்மணிக்கு நடுவுல அறுபத்திரண்டு மில்லிமீட்டர். இந்த வேலைக்குச் சேர்ந்த புதுசுல முதல் முதலா அளந்தது உன் முகத்தைத்தான். அது மாறாது, வயசானாலும்.

உன் கடிதம் வந்த அன்னைக்கு அப்பா புத்தகத்தைத் திறந்தேன். பதினஞ்சு மாசத்துல இப்பதான். பீரோவுல துணிக்கு அடியில கிடந்துச்சு. புத்தகத்தை மூடி ஓரத்தைப் பார்த்தா எல்லாப் பக்கமும் வெள்ளையா இருக்கு, ஒரே ஒரு இடத்துல மட்டும் கறுப்பா ஒரு கோடு. அங்கே திறந்தா, கட்டைவிரல் வெச்சு வெச்சு அந்தத் தாளே எண்ணெய்த் தாள் மாதிரி ஆயிருக்கு. வெளிச்சத்துல பிடிச்சா பின்பக்க எழுத்தும் தெரியுது. அப்பா இந்தப் புத்தகத்தை முழுசாப் படிக்கவே இல்லன்னு நினைக்கிறேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான் முப்பது வருஷமா படிச்சிருக்கார்.

நான் ஜெபம் பண்றதில்ல அக்கா. ரொம்ப வருஷமாச்சு. அது அப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னு இருந்தேன். உனக்குத் தெரிஞ்சா பரவாயில்ல.

இன்னொண்ணு எழுதணும். இன்னைக்கு இல்ல.


மார்ச் 20

தங்கைக்கு,

எந்தப் பக்கம்?

பதினொரு முறை முடித்தவளுக்கு அப்பா எந்தப் பக்கத்தில் குடியிருந்தார் என்று தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. அவர் கேன்டீனில் சமையல் வேலை முடிந்து வந்து, அடுப்புச் சூடு ஆறாத கையோடு புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வார். நான் என் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் பக்கத்தைப் பார்க்கவில்லை. பக்கம் திருப்பாமல் இருக்கிறாரே, தூங்கிவிட்டார் போல என்று நினைத்திருக்கிறேன்.

ஜெபம் பண்ணுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். பண்ணு என்று நான் சொல்லப்போவதில்லை. நான் பண்ணிய ஜெபத்தின் லட்சணத்தை நீ பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாய்.

எழுதணும் என்றாயே, எழுது. நான் உட்கார்ந்து படிப்பேன். இடையில் கை காட்டமாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

மூணு தடவை எழுதிக் கிழிச்சாச்சு. இது நாலாவது.

அப்பா என்ன கேட்க வந்தார்னு யாருக்கும் தெரியாதுன்னு எழுதினேன் இல்ல, அது பொய். எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்.

அன்னைக்கு ரெண்டு மணிக்கு நீ அவருக்குக் குடிக்க ஏதோ காய்ச்ச உள்ளே போயிருந்தே. நான் பக்கத்துல உட்கார்ந்து லீவு நீட்டிக் கேட்டு முதலாளிக்கு மெசேஜ் அடிச்சுக்கிட்டிருந்தேன். அப்பா தெளிவா பேசினார். "பொடிசு, அந்த அடுப்புப் பக்கத்தைப் படிச்சுக் காட்டும்மா"ன்னார். எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுல ஸ்கூல் லீவுக்கு அவரோட கேன்டீனுக்குப் போவேன். விடியக்காலை அடுப்பு பத்தவெச்சுட்டு, பால் பொங்குற வரைக்கும் அதைத்தான் சத்தமா சொல்லுவார், பார்க்காமலே. உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில கரி போட்டு அடுப்பு பத்தவெச்சு, மீன் சுட்டு, ராத்திரி பூரா ஒண்ணும் கிடைக்காம வந்தவங்களைச் சாப்பிடக் கூப்பிடுவாரே, அந்த இடம். "முதல் ஷிப்டுக்கு ஆண்டவரே சமையல்காரர்டா"ம்பார். "இவ்ளோ பெரிய காரியத்தை முடிச்சுட்டு வந்த மனுஷன் நேரா அடுப்புகிட்டத்தான் போனார், பார்த்தியா"ம்பார்.

நான் படிக்கல அக்கா. "அக்கா வந்து படிப்பாப்பா"ன்னு சொல்லிட்டேன். நம்பாத வாயால படிச்சா குரல்லயே கண்டுபிடிச்சுடுவார்னு பயம். அவர் சரின்னார். காத்திருந்தார். மூணு மணி நேரம்.

நீ வந்தே. அடையாளம் வெச்ச இடத்துல திறந்து நாளாகமத்தை ஆரம்பிச்சே. அவர் விரலைத் தூக்கினப்போ அந்த ரூம்ல அதுக்கு அர்த்தம் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். "அக்கா, அடுப்புப் பக்கம் வேணுமாம்"னு நாலு வார்த்தை சொல்லியிருந்தா நீ திருப்பியிருப்பே. 'நிறுத்து'ன்னு மட்டும்தான் சொன்னேன். மத்ததைச் சொன்னா அவர் ரெண்டு மணிக்கே என்கிட்ட கேட்டார்னு சொல்லணும் இல்லையா.

அதுக்கப்புறம் உன்னைத் திட்டத் திட்ட எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்துச்சு. இப்ப அதுவும் வரல.


மே 9

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அப்பா போய் பதினெட்டு மாதம். நாளுக்கு நாலு சொட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு குருடி மாதிரி உட்கார்ந்திருந்தேனே, பதில் உன் பீரோவில் துணிக்கு அடியில் இருந்திருக்கிறது. அடக்கத்தன்று அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்து, "நீ முடிக்கிற வரைக்கும் சாவைக்கூடக் காத்திருக்க வெச்சியே" என்றாய். அந்த வார்த்தையை நான் இன்றுவரைக்கும் சுமக்கிறேன். அதைச் சொன்ன வாய்க்கு விஷயம் தெரிந்திருந்தது.

உன் மாமாவுக்கு இது எதுவும் தெரியாது. போன வாரம், எத்தனை தரம் மன்னிப்பது, ஏழு தரமா என்று கேட்கிற வரியை எழுதி ஒட்டியிருந்தார். கிழித்துப் போட்டேன். "ஏன், எழுத்துப் பிழையா?" என்று கேட்டார். அடுத்த நாள் திரும்ப அதையே எழுதி ஒட்டினார், இன்னும் பெரிசாக.

நாலு சொட்டிலும் உன் பெயர் வாயில் வரவில்லை. நாலாவதில் சும்மா இருக்க முடியவில்லை. வரியும் இல்லை, ஆண்டவரும் இல்லை, சொட்டு மட்டும் எரிகிறது.

இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.


மே 18

அக்கா,

உன் கடிதத்துல திட்டு மட்டும்தான் இருந்துச்சு. உறைக்குள்ள டாக்டர் எழுதின பவர் சீட்டும் இருந்துச்சு. அதைப் பத்தி நீ ஒரு வார்த்தை எழுதல. கண்ணாடி தனிப் பார்சல்ல வருது. லென்ஸை நானே தேய்ச்சு நானே பொருத்தினேன், யாரையும் தொடவிடல. மூக்குல அழுத்தினா மூக்குத்தாங்கியை லேசா வெளிப்பக்கம் வளை, உடையாது.

மன்னிச்சுடுன்னு எழுதத் தெரியல. எழுதினா அது எனக்காக எழுதின மாதிரி இருக்கும்.

அதுக்குப் பதிலா இதோட ஒரு தாள் வெச்சிருக்கேன். அப்பா பக்கத்துலேர்ந்து முதல் வரி. விடிஞ்சதும் அவர் கரையில நின்னார், வந்தவர் அவர்தான்னு அவங்களுக்குத் தெரியலங்கிற இடம். கடையில விலைப் போர்டு எழுதுற பிரஷ்ல எழுதினேன். அன்னைக்கு ரெண்டு மணிக்குப் படிச்சிருக்க வேண்டியது. ஒரு வரிக்கு மேல எனக்கு முடியல. வாரத்துக்கு ஒண்ணு அனுப்பட்டுமா?

வேண்டாம்னா தாளைத் திருப்பிப் போட்டுடு, பின்பக்கம் மாமாவுக்கு உதவும்.


மே 30

தங்கைக்கு,

கண்ணாடி வந்தது. மூக்கில் அழுத்தவில்லை. சுவரில் பெயின்ட் உரிந்திருப்பதும், உன் மாமாவின் காதோரம் முழுக்க நரைத்திருப்பதும் ஒரே நாளில் தெரிந்தது. "இத்தனை நாள் எங்கே போயிருந்தே?" என்று அவர் என்னைக் கேட்கிறார்.

போட்டுக்கொண்டதும் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? நேராகப் போய் என் பொடி எழுத்துப் புத்தகத்தை எடுத்து நாலு அதிகாரம் மளமளவென்று ஓட்டினேன். பழைய பசி. கை தன்னாலே நீல நோட்டைத் தேடுகிறது! நோட்டைத் திறந்து பேனாவையும் எடுத்துவிட்டேன். இப்போது என்ன படித்தாய் என்று என்னையே கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

உன் தாளைத் திருப்பிப் போடவில்லை. உன் மாமாவின் வரிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். சொட்டு இப்போது நிறுத்தியாகிவிட்டது, இருந்தாலும் அந்த நாலு வேளையும் உட்காருகிறேன். உடம்பு பழகிவிட்டது. உன் வரியில் எனக்கு நின்ற வார்த்தை 'தெரியவில்லை' என்பது. அவர் எதிரே நிற்கிறார், அவருடைய ஆட்களுக்கே தெரியவில்லை. அப்பா பக்கத்தில் கிடந்தார், எனக்குத் தெரியவில்லை. நீ அத்தனை பாரத்தோடு தலைமாட்டில் நின்றாய், அதுவும் தெரியவில்லை. நாலு மணிக்கு இதைச் சொல்லி அழுதேன். எட்டு மணிக்கு உன் பெயர் வந்தது. தானாக வந்தது, நான் இழுக்கவில்லை.

கோபம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அடுத்த வரியை அனுப்பு.

அக்கா


ஜூன் 11

அக்கா,

போன வாரம் அனுப்பின வரி கிடைச்சிருக்கும். சாப்பிட ஏதாவது இருக்கான்னு அவர் கேட்க, ராத்திரி பூரா வலை போட்டவங்க ஒண்ணும் இல்லன்னு சொல்ற இடம். அதை எழுதுறது எனக்குச் சுலபமா இருந்துச்சு. அது என் வரி.

நான் ஜெபம்னு எதுவும் பண்ணல, முதல்லயே சொல்லிடுறேன். எழுதுறேன், அவ்ளோதான். பெரிய எழுத்துங்கிறதால மெதுவாத்தான் எழுத முடியுது. ஒரு எழுத்து காயுற வரைக்கும் அடுத்ததைப் போட முடியாது. அந்த நேரத்துல அந்த வார்த்தை எதிர்லயே உட்கார்ந்திருக்கு. கடையில லென்ஸ் தேய்க்கும்போதும் வருது. நேத்து ஒரு பெரியம்மாவுக்குக் கண்ணாடி மாட்டி "தெரியுதாம்மா?"ன்னு கேட்டுட்டு அவங்க பதில் சொல்றதுக்குள்ள எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "உனக்குத்தான் தெரியல போலிருக்கு"ன்னு அவங்க சிரிச்சாங்க.

இந்த வாரத்துக்கு ரெண்டு வரி வெச்சிருக்கேன், பிரிக்க முடியல. கரையில ஏறிப் பார்த்தா கரி அடுப்பு எரியுது, மேல மீன் இருக்கு, ரொட்டியும் இருக்கு. அது ஒண்ணு. அப்புறம் அவங்க வலையை இழுத்துட்டு வந்து மீனை எண்றாங்க. நூத்தி அம்பத்தி மூணு.

இந்த ரெண்டாவதைப் படிச்சதும் அப்பா சொல்றது ஞாபகம் வந்துச்சு. கேன்டீன்ல அந்த இடம் வரும்போது கரண்டியை ஆட்டிக்கிட்டே, "பாரு, எவனோ நம்ம கணக்குப்பிள்ளை மாதிரி ஒருத்தன் கரையில உட்கார்ந்து எண்ணியிருக்கான்"ம்பார். உன்னை நினைச்சுத்தான் சிரிப்பார். அதை உன்கிட்ட சொன்னாரான்னு தெரியல. சொல்லியிருக்க மாட்டார். அதான் நான் சொல்றேன்.

பொடிசு


ஜூன் 21

பொடிசுக்கு,

சொன்னதில்லை. ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் மாமா வந்து பார்த்துப் பயந்து, "மறுபடியும் வௌவாலா?" என்றார்.

நூற்றைம்பத்து மூன்றோடு ஒரு வாரம் இருந்தேன். இந்த வசனத்தைப் பதினொரு முறை கடந்து போயிருக்கிறேன், எண்ணிக்கை என்றுகூட உறைக்கவில்லை. இப்போது ஒன்று தெரிகிறது, சரியா தப்பா என்று நீதான் சொல்லவேண்டும். அவர்கள் கொண்டுவந்த மீனுக்கு முன்னாலேயே அடுப்பில் மீன் இருக்கிறது. அவர்கள் பிடித்ததை நம்பி அவர் சமைக்கவில்லை. ஆனாலும் ஒருத்தன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணுகிறான். ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. எண்ணி முடிக்கும்வரைக்கும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முடிந்ததும்தான் சாப்பிடக் கூப்பிடுகிறார்.

அன்றைக்கு அப்பாவும் அதைத்தான் செய்தார் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. என் பதினொரு வசனம் முடியட்டும் என்று விரலை இறக்கிக்கொண்டார். நீ ரெண்டு மணிக்குச் சொன்னதற்கும் சரி என்றுதானே சொன்னார். நம்மைக் காத்திருக்க வைக்கிற ஆள் அவர் இல்லை. தானே காத்திருக்கிற ஆள். அடுப்பு வேலைக்காரர்.

நீல நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். தேதி, யோவான், ஒரே பக்கம், எடுத்த நேரம் டிசம்பரிலிருந்து ஏழு மாதம். நாலு பத்தியும் நிறைந்துவிட்டது.

அடுத்த வரி எது என்று எனக்குத் தெரியும். நீயும் பிரஷ்ஷை எடுத்து வைத்திருப்பாய். அந்த ஒரு வரியை எழுதி அனுப்பாதே. தாளில் வந்தால் ஆறிப்போய்விடும். புத்தகத்தோடு நீயே கொண்டு வா. அப்பா படுத்திருந்த பின்னறையைக் கழுவித் துடைத்து, கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தியாயிற்று. நீ வரும் அன்று விடிவதற்கு முன்னால் நான் அடுப்பைப் பற்றவைத்துவிடுவேன்.

கணக்குப்பிள்ளை


ஜூன் 28

அக்கா,

சனிக்கிழமை முதல் பஸ். உன் வாசலுக்கு ஆறே காலுக்குள்ள வந்துடுவேன். மாமாகிட்ட சொல்லு, நேரம் தவறினா அவர் டிப்போ பொறுப்பு.

அந்தப் பக்கத்தை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நான்தான் படிக்கப் போறேன், சத்தமா, அந்த ரூம்ல உட்கார்ந்து. எனக்கு நம்பிக்கை வந்துடுச்சான்னு கேட்காதே. குரல் நடுங்கும். அப்பாவுக்கு இப்ப அது தெரிஞ்சாலும் பரவாயில்லன்னு இருக்கு.

படிக்கிறப்போ நடுவுல உனக்கு ஏதாவது கேட்கணும்னு தோணுச்சுன்னா விரலைத் தூக்கு. நான் நிறுத்துறேன்.

பொடிசு